என் கணவருக்கு நான் போட்டுக்கொடுத்த உத்தியோகம்

ஹைதராபாத் ஜீடிமெட்லாவில் ஒரு மருந்துக் கம்பெனியின் தர உறுதிப் பிரிவில் எனக்கு வேலை. பதினாறு வருஷமாகிறது. மாத்திரையை நான் தொட்டதுகூட இல்லை, காகிதத்தைத்தான் தொடுவேன். எந்த மருந்தை எத்தனை மணிக்குக் கலந்தார்கள், எப்போது உலர்த்தினார்கள், யார் பக்கத்தில் நின்று பார்த்தார்கள் என்று எழுதிய பதிவேடுகளைப் பக்கம் பக்கமாகப் படித்து, அதில் பொய் இருந்தால் பிடிக்க வேண்டும். எட்டு மணி நேர வேலையை ஒரே பேனாவால் ஒரே மூச்சில் எழுதியிருந்தால் எனக்குத் தெரிந்துவிடும். எழுத்து அவ்வளவு அழகாக இருக்கும். உண்மையாக வேலை பார்த்தவன் கையெழுத்து அப்படி இருக்காது. ஆலையில் எனக்கு ஒரு பட்டப்பெயர் உண்டு. தெலுங்குப் பெயர் என்பதால் என் எதிரிலேயே சொல்லிக்கொள்வார்கள். பதினாறு வருஷத்தில் எனக்குத் தெலுங்கு வந்துவிட்டது என்பது அவர்களுக்கு இன்னும் உறைக்கவில்லை.

இப்படிப்பட்ட நான்தான் வீட்டுக்கடன் விண்ணப்பத்தில், என் கணவர் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் சீனியர் மேனேஜராக இருக்கிறார் என்று எழுதி, இணை விண்ணப்பதாரராகக் கையெழுத்தும் போட்டேன். அப்படி ஒரு கம்பெனி கிடையாது. மேனேஜர் வேலையும் கிடையாது. கணவர் மட்டும் உண்டு.

அவருக்கு நிஜமான வேலை ஒன்று இருந்து, போய்விட்டது. ஒரு வீடியோ கால். அவர்கள் பேசினார்கள், இவர் கேட்டார், திரை அணைந்தது. அடுப்படிக்கு வந்து, “ஏட்டி, என்னை ம்யூட்ல வச்சே அனுப்பிட்டானுவ” என்றார். நான் அரைத்துக்கொண்டிருந்த மிக்ஸியை நிறுத்தினேன்.

மூன்று மாதம் வீட்டில் இருந்தார். அப்புறம் அமீர்பேட்டில் ஒரு இன்ஸ்டிட்யூட்டில் சாஃப்ட்வேர் டெஸ்டிங் சொல்லிக்கொடுக்கப் போனார். காலை ஏழு மணிக்கு ஒரு பேட்ச், சாயங்காலம் ஆறு மணிக்கு ஒரு பேட்ச். பிள்ளைகள் வந்து குவிந்தார்கள். கம்பெனியில் யாரும் காதில் வாங்காத மனுஷன் பேச, நூறு பேர் நோட்டில் எழுதிக்கொண்டார்கள். ஆளே ஒரு சுற்று நிமிர்ந்துவிட்டார். சம்பளமும் பழைய கம்பெனிக்குக் குறைவில்லை. ஆனால் ஒரு மாதம் கையில் வரும், ஒரு மாதம் ஃபோனில் வரும், எதற்கும் ரசீது கிடையாது. வங்கியில் போய் விசாரித்தபோது, அங்கே இருந்தவர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “அப்படியானால் சாருக்கு வருமானம் இல்லை” என்று முடித்தார். மூன்று வருஷம் வரிக்கணக்குக் காட்டிவிட்டு வரச் சொன்னார். அந்த வருஷம் நாங்கள் அவருக்கு வரிக்கணக்கே காட்டியிருக்கவில்லை.

நாங்கள் அதற்குள் ஃப்ளாட்டுக்கு முன்பணம் கொடுத்துவிட்டிருந்தோம். ஏ.எஸ்.ராவ் நகரில் நாங்கள் வாடகைக்கு இருந்த தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி, நாலாவது மாடி, சுவர் பூசி முடிந்த கட்டடம். பால்கனியில் நின்றால் பக்கத்துக் கட்டடத்தின் பாத்ரூம் ஜன்னல்கள் வரிசையாகத் தெரியும். அதற்கே மகள், “நாக்கு இக்கட ரூம் காவாலி” என்று, எனக்கு இங்கே ரூம் வேணும் என்று, ஓர் அறையைக் காட்டிக் கதவில் சாய்ந்து நின்றுவிட்டாள். பத்தாம் வகுப்பு. நாங்கள் தமிழில் கேட்டால் அவள் தெலுங்கில் பதில் சொல்வாள். எனக்கு அந்தச் சமையலறை. இரண்டு பேர் ஒருவரை ஒருவர் இடிக்காமல் நிற்கலாம். பதினாறு வருஷமாக நான் நின்ற அடுப்படிகளில் ஒரு ஆள் நின்றாலே குக்கர் இடிக்கும்.

கட்டட விற்பனை ஆபீஸில் இருந்தவர்தான் ஒரு ஏஜெண்டின் நம்பரைக் கொடுத்தார். கடன் வாங்கித் தருகிற ஏஜெண்ட். அமீர்பேட்டில் ஒரு ஜெராக்ஸ் கடையின் பின்பக்கம், பிரிண்டர் சூட்டில் உட்கார்ந்திருப்பார். தெலுங்குக்காரர். சென்னையில் நாலு வருஷம் இருந்தேன் என்று தமிழில் பேசுவார், என்னை அக்கா என்பார். அவருக்கு என்னைவிடப் பத்து வயது கூட.

“அக்கா, சாருக்கு வருமானம் இருக்கு இல்ல? நீங்க கட்டுவீங்க இல்ல? அப்புறம் என்ன பொய்? இருக்கிற வருமானத்துக்கு ஒரு சட்டை மாட்டி விடுறோம். அவ்ளோதான்.”

கேட்க நியாயமாகத்தான் இருந்தது. எங்கள் ஆலையில் மாட்டிக்கொள்கிறவர்கள் எல்லோரும் இதைத்தான் சொல்வார்கள். “மேடம், வேலையை நிஜமாவே செஞ்சேன், எழுதத்தான் மறந்துட்டேன்.” நான் ஒருத்தரையும் விட்டதில்லை.

ஒரு வாரத்தில் காகிதங்கள் வந்தன. வேலை நியமனக் கடிதம், ஆறு மாதச் சம்பளச் சீட்டு, வருமான வரிப் படிவம். கம்பெனிக்கு மூன்று ஆங்கில வார்த்தைகளை ஒட்டவைத்த பெயர். கணவர் எடுத்துப் பார்த்துவிட்டு, “சீனியர் மேனேஜராம்ல. பழைய எடத்துல பதினோரு வருஷம் கழிச்சும் தரல” என்றார். குரலில் உண்மையான சந்தோஷம் இருந்தது. பார்க்கப் பாவமாக இருந்தது.

நான் அப்படியே எடுத்து உறையில் போட்டிருக்க வேண்டும். போடவில்லை. சாப்பாட்டு மேஜையில் பரப்பி, கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தேன். பிப்ரவரி மாதச் சீட்டில் வேலை நாட்கள் முப்பது என்று இருந்தது. நியமனக் கடிதத்தின் தேதி ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஆறு சீட்டிலும் ஒரே கையெழுத்து, மசி திட்டுக்கூட அதே இடத்தில். தொழில்வரி ஒரு மாதம் பிடித்திருந்தது, ஒரு மாதம் இல்லை. பதவிப் பெயரில் எழுத்துப்பிழை.

“என்ன செய்யுத?” என்றார் கணவர்.

“சும்மா இருங்க. இதக் கொடுத்தா சிரிப்பாங்க.”

சிவப்புப் பேனாவால் பதினேழு இடத்தில் வட்டம் போட்டேன். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் காரணம் எழுதினேன். மறுநாள் ஏஜெண்டிடம் கொடுத்தபோது அந்த மனுஷன் நாற்காலியிலிருந்து எழுந்தே நின்றுவிட்டார். “அக்கா, நீங்க அந்த வேலையை விட்டுட்டு நம்மகிட்ட வந்துடுங்க.” எனக்கு வெட்கமாக இருந்திருக்க வேண்டும். பாராட்டுக் கிடைத்தது போலத்தான் இருந்தது. எங்கள் ஆலையில் பதினாறு வருஷத்தில் ஒருத்தர் அப்படிச் சொன்னதில்லை.

திருத்திய பிரதிகளை வங்கியில் கொடுத்தோம். அடுத்த வாரம், நான் ஆலையில் இருந்தபோது ஏஜெண்ட் ஃபோன் செய்தார்.

“அக்கா, ஒரு சின்ன விஷயம். கம்பெனி நம்பருக்கு பேங்க்ல இருந்து கேப்பாங்க. எப்பவும் ஃபோன் எடுக்கிற பொண்ணு அவங்க அக்கா கல்யாணத்துக்குப் போயிருக்கு. நம்பரை உங்க ஃபோனுக்குத் திருப்பி விட்டுட்டேன். நீங்கதான் இன்னைக்கு ஹெச்.ஆர்.”

“என்னால முடியாது.”

“அக்கா, சாரைப் பத்தி உங்களைவிட யாருக்குத் தெரியும்?”

வைத்துவிட்டார். பத்து நிமிஷத்தில் அழைப்பு வந்தது. தலையில் வலைத்தொப்பி, மேலே வெள்ளைக் கோட்டு, அந்தக் கோலத்தில் உடை மாற்றும் அறைக்குள் ஓடி, காலணி அலமாரிக்குப் பின்னால் நின்று பேசினேன். வங்கியிலிருந்து பேசியது ஒரு பெண். ஆங்கிலத்தில் வரிசையாகக் கேட்டாள். இவர் உங்கள் ஊழியரா, எப்போது சேர்ந்தார், என்ன பதவி. எல்லாவற்றுக்கும் கடகடவென்று பதில் சொன்னேன். அந்தத் தேதிகளைத் திருத்தியதே நான்தானே. அப்புறம் அவள், “அவருடைய நடத்தை எப்படி?” என்று கேட்டாள்.

அன்று காலை, கேஸ் சிலிண்டர் வருகிறது, வீட்டிலேயே இருங்கள் என்று சொல்லிவிட்டுத்தான் பஸ் ஏறியிருந்தேன். அவர் மறந்துபோய் வெளியே போக, சிலிண்டர் திரும்பிப் போய்விட்டது. அந்தச் சூடு இன்னும் ஆறவில்லை.

“நல்ல மனுஷர். ஆனா சொன்ன வேலையைச் செய்ய மாட்டார். ரெண்டு தரம் ஞாபகப்படுத்தணும்” என்றேன்.

மறுமுனையில் அதையும் தட்டச்சு செய்யும் சத்தம் கேட்டது. “வேலையில் தொடர்வாரா?”

“தொடர்வார். வேற எங்க போகப் போறார்?”

அவள் நன்றி சொல்லி வைத்தாள். சாயங்காலம் கணவரிடம் சொன்னபோது விழுந்து விழுந்து சிரித்தார். சிரித்து முடித்து, “அந்தக் கடைசி வரி நெசமாவா சொன்ன?” என்று கேட்டார். நான் சோறு போட எழுந்துவிட்டேன்.

மூன்று நாள் கழித்து, நேரில் விசாரிக்க வங்கியிலிருந்து ஆள் வரப்போவதாகச் செய்தி. சனிக்கிழமை, எனக்கு லீவு. கணவர் ‘ஆபீஸில்’ இருக்க வேண்டும் என்பதால் பத்து மணிக்கே அவரைப் பூங்காவுக்கு விரட்டினேன். வருகிறவருக்கு டீச் செலவுக்கென்று ஒரு உறை தயாராக இருக்கட்டும் என்று ஏஜெண்ட் சொல்லியிருந்தார். அதை டி.வி.க்குக் கீழே வைத்திருந்தேன்.

வந்தவர் ஐம்பது வயது தாண்டியவர். ஹெல்மெட்டைக் கையில் பிடித்துக்கொண்டு, முதலில் கீழ்வீட்டு அம்மாவிடம் பேசினார். வீட்டின் சொந்தக்காரர் அந்த அம்மாதான். நாலு தலைமுறையாகச் செகந்திராபாத்தில் இருக்கிற தமிழ்க் குடும்பம். அவர் தமிழில் ஹைதராபாத் உருது கலந்திருக்கும், ‘ஹவ்’ என்றால் ஆமாம், ‘கைக்கு’ என்றால் எதற்கு, ‘நக்கோ’ என்றால் வேண்டாம், நாங்கள் பாதி ஊகித்துத்தான் புரிந்துகொள்வோம். மாடிப்படியில் நின்று கேட்டேன்.

“ஹவ் சார், ரொம்ப நல்ல ஜனங்க. வாடகை ஒண்ணாந்தேதி வந்துடும். கைக்கு கேக்கறீங்க?”

வந்தவர் காரணம் சொன்னார். அந்த அம்மாவுக்கு முகம் மாறிவிட்டது.

“வீடு வாங்கறாங்களா? என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலியே! நக்கோ சார், அவங்களுக்குக் கடன் எல்லாம் நக்கோ. அவர் எங்க ஆபீஸ் போறாரு? காலைல போவாரு, பத்து மணிக்கு வருவாரு, மத்தியானம் பூரா தூங்குவாரு, சாயந்தரம் பின்ன போவாரு. இது ஒரு உத்தியோகமா?”

ஒண்ணாந்தேதி வாடகை தருகிற குடித்தனம் போய்விடுமே என்ற கவலை. அவர் சொன்னதில் ஒரு வார்த்தை பொய்யில்லை.

அந்த மனுஷர் மேலே வந்தார். மோர் கொடுத்தேன். குடித்தார். வீட்டை நாலு படம் எடுத்தார். பிறகு தெலுங்கில், ரொம்ப மரியாதையாகச் சொன்னார்: “காலையில் சாருடைய ஆபீஸ் முகவரிக்குப் போனேன், அம்மா. மூணாவது மாடி. பூட்டியிருந்தது. வாசலில் பழைய செருப்பு ஒரு ஜோடி. கீழே இறங்கி டீ குடித்தேன். எதிரே ஒரு இன்ஸ்டிட்யூட். அதன்மேல் ஆள் உயரத்துக்கு ஒரு ஃப்ளெக்ஸ் போர்டு.” கையிலிருந்த கோப்பைத் திறந்து என் கணவரின் பாஸ்போர்ட் அளவுப் படத்தைக் காட்டினார். “படத்தைவிட போர்டில் நன்றாக இருக்கிறார்.”

புது ஃப்ளெக்ஸ் வைத்து ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. கைகட்டி, கோட்டு மாட்டி, பின்னால் ஒரு நீலநிறப் பூமி உருண்டையோடு, கணவர் சிரித்துக்கொண்டிருப்பார். நாங்கள் குடும்பத்தோடு போய் அதன்முன் படம் எடுத்துக்கொண்டு வந்திருந்தோம்.

டி.வி.க்குக் கீழே இருந்த உறையைப் பார்த்தேன். அவரும் பார்த்தார். “அது வேண்டாம் அம்மா, பார்த்ததை எழுதுவதுதான் என் வேலை” என்றார். நான் ஆலையில் சொல்கிற அதே வாக்கியம், அதே சலிப்போடு. போகும்போது மோர் நன்றாக இருந்தது என்றார்.

வங்கியிலிருந்து கூப்பிட்டார்கள். மேலாளர் ஒரு பெண்மணி. எங்கள் இருவரையும் உட்காரவைத்து, எதுவும் கேட்காமல், மேஜைமேல் நாலு சம்பளச் சீட்டுகளைப் பக்கம் பக்கமாக வைத்தார். ஒன்று எங்களுடையது. மற்ற மூன்றும், அதே கம்பெனியில் வேலை பார்ப்பதாகச் சொல்லி ஏற்கெனவே கடன் வாங்கிப் போனவர்களுடையது. அதில் இரண்டு பேர் தவணை கட்டுவதை நிறுத்திவிட்டார்களாம்.

“இவங்க மூணு பேருக்கும் பிப்ரவரியில முப்பது நாள். உங்களுக்கு மட்டும் இருபத்தெட்டு. ஒரே கம்பெனி, ஒரே மாசம். உங்க சீட்டு வந்த பிறகுதான் மத்ததை எடுத்துப் பார்த்தோம். உங்களுது மட்டும் சரியா இருக்கறது எப்படி?”

கணவர் என்னைப் பார்த்தார். பார்க்காமல் இருந்திருக்கலாம்.

“நான்தான் திருத்தினேன்” என்றேன்.

மேலாளர் கண்ணாடியைக் கழற்றிவைத்தார். என் வேலை என்னவென்று கேட்டார். சொன்னேன். சிரிப்பாரென்று நினைத்தேன், சிரிக்கவில்லை. “நான் சாப்பிடற பிரஷர் மாத்திரை உங்க கம்பெனியோடது இல்லையே?” என்று மட்டும் கேட்டார். இல்லை என்றேன். நிஜமாகவே இல்லை. ஆனால் அவர் நம்பின மாதிரி தெரியவில்லை. அந்த அறையில் எனக்கு உண்மையாக வலித்தது அது ஒன்றுதான். விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது, எங்கள் பெயர்கள் வங்கிகள் பார்க்கிற பட்டியலுக்குப் போகும், போலீஸிலும் புகார் கொடுத்தாகிவிட்டது என்று வரிசையாகச் சொன்னார். நான் தலையாட்டிக்கொண்டிருந்தேன்.

அடுத்த ஆறு வாரம் வாசலில் பைக் நின்றாலே ஜன்னலுக்கு ஓடிப்போய்ப் பார்த்தேன். ஆலைக்குத் தெரிந்தால் வேலை போகும், போவதுதான் நியாயமும்கூட. கணவர் இரண்டு சொக்காய் துவைத்து, இஸ்திரி போட்டு, பையில் வைத்துத் தயாராக இருந்தார். “உள்ள போனா இஸ்திரிச் சட்டை எதுக்கு?” என்று கேட்டேன். “படம் எடுப்பானுவல்ல” என்றார். அதற்கும் சிரித்தோம். அப்புறம் அவர் அழுதார். வேலை போனபோது அழாத மனுஷன்.

கடைசியில் ஸ்டேஷனில் வாக்குமூலம் கொடுக்கக் கூப்பிட்டார்கள். பணம் எங்கள் கைக்கு வராததால் இப்போதைக்குச் சாட்சிகளாக வைத்திருப்பதாக இன்ஸ்பெக்டர் சொன்னார். ‘இப்போதைக்கு’ என்பதை அழுத்தித்தான் சொன்னார். அவர் எங்களைவிட ஏஜெண்டின்மேல் கோபமாக இருந்தார். ஏஜெண்ட் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். சவரம் செய்யாத முகம். என்னைப் பார்த்ததும் பழக்க தோஷத்தில் எழுந்து நின்றார்.

“அக்கா, உங்களாலதான்” என்றார்.

“நானா?”

“முப்பது நாள்னே விட்டிருந்தா யாரு பாத்திருப்பா? மூணு வருஷமா எல்லாருக்கும் முப்பது நாள்தான் போட்டேன்.”

அவருக்குக் கோபம்கூட இல்லை, வருத்தம்தான். எனக்கு அவரிடம் மன்னிப்புக் கேட்கத் தோன்றிவிட்டது. கணவர் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தார்.

ஃப்ளாட்டுக்குக் கொடுத்த முன்பணத்தில் ஒரு பகுதியைப் பிடித்துக்கொண்டு மீதியைத் தந்தார்கள். மகள் ஒரு வாரம் எங்களோடு எந்த மொழியிலும் பேசவில்லை. கீழ்வீட்டு அம்மா நாங்கள் போகவில்லை என்று தெரிந்த சந்தோஷத்தில் ஒரு தட்டு டபுள் கா மீட்டா, ரொட்டியில் செய்கிற ஹைதராபாத் இனிப்பு, அனுப்பினார். அடுத்த மாதமே வாடகையை ஏற்றினார்.

ஆலையில் யாருக்கும் தெரியவரவில்லை. இரண்டு மாதம் கழித்து ஒரு கெமிஸ்ட், முந்தின நாள் போடவேண்டிய கையெழுத்தை மறுநாள் போட்டுவிட்டு, முந்தின நாள் தேதியை எழுதியிருந்தாள். கூப்பிட்டுக் கேட்டேன். “வேலையைச் செய்தேன் மேடம், எழுதத்தான் மறந்துட்டேன்” என்று கண்ணீர் விட்டாள். இந்த முறை விட்டுவிடுவேன் என்றுதான் நினைத்தேன். விடவில்லை. அறிக்கை எழுதினேன், அவளுக்கு எச்சரிக்கைக் கடிதம் போனது. வீட்டுக்கு வந்து கணவரிடம் சொன்னேன். “நீ செஞ்சது சரிதான்” என்றார். கொஞ்சம் கழித்து, “ஆனா மோசம்” என்றார்.

அதன்பிறகு அவர் ஒழுங்காக வரி கட்டத் தொடங்கினார். இன்ஸ்டிட்யூட்காரரிடம் சண்டை போட்டு மாதாமாதம் வங்கிக் கணக்கிலேயே பணம் வரச்செய்தார். இந்த வருஷ ஆரம்பத்தில், வீட்டுக்கடன் மட்டும் தருகிற ஒரு சின்னக் கம்பெனிக்குப் போனோம். எல்லாம் உண்மைக் காகிதங்கள். அதிகாரி எங்கள் பெயரைத் தட்டினார், திரையைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார்.

“பழைய பதிவு ஒண்ணு இருக்கே. என்ன ஆச்சு?”

நான் சொன்னேன், முதலிலிருந்து, சிவப்புப் பேனா உட்பட. நான் ஹெச்.ஆர். ஆன கட்டம் வந்ததும் அவர் கையைக் காட்டி நிறுத்தி, பக்கத்து அறையிலிருந்து இரண்டு பேரைக் கூப்பிட்டு, “மேடம், மறுபடி முதல்ல இருந்து” என்றார். இரண்டாம் தரம் சொன்னேன். கணவர் நடுநடுவே விட்டுப்போனதை எடுத்துக்கொடுத்தார். சிலிண்டர் விஷயத்தில் தன் தரப்பையும் சொன்னார். யாரோ டீ வாங்கிக்கொடுத்தார்கள்.

“ரொம்ப நல்லா இருக்கு மேடம்” என்றார் அதிகாரி, கண்ணைத் துடைத்துக்கொண்டு. “ஆனா இந்த வருஷம் லோன் கஷ்டம். இன்னும் ரெண்டு வருஷக் கணக்கோட வாங்க.”

வெளியே வந்தபோது மணி ஐந்தைத் தாண்டியிருந்தது. அவருக்கு ஆறு மணி பேட்ச். மெட்ரோவில் நிற்க இடமில்லை. அமீர்பேட்டில் இறங்கும் கூட்டம் அவரைத் தள்ளிக்கொண்டு போனது, வேறு ரயிலுக்கு மாற நானும் பின்னாலேயே இறங்கினேன். படிக்கட்டில் இரண்டு மாணவிகள் அவரைப் பார்த்து, “சார், இன்னைக்கு டெஸ்ட் இருக்கா?” என்று கேட்டார்கள். “இருக்கு” என்று சொல்லிவிட்டு, என்னைத் திரும்பிப் பார்த்து, நான் ஞாபகப்படுத்தாமலே, வரும்போது பால் வாங்கிட்டு வாரேன் என்று சைகை காட்டிவிட்டு இறங்கிப் போனார்.